எந்தக் கருக்கல்?

உக்காருங்க, தாராளமா உக்காருங்க. கோட்டு மட்டும் கசங்காமப் பார்த்துக்கங்க. ஆமாங்க, வக்கீல்தான். கோபிதான் போறேன். நீங்களும் கோபிங்களா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு யாருகிட்டயாவது பேசலைன்னா நெஞ்சு வெடிச்சிரும்மாட்ட இருக்குதுங்க எனக்கு.

கார் இருக்குதுங்க. இல்லாம பஸ்ல வரலை. வியாழக்கிழமை ஆனா கார் எங்க வீட்டம்மாவுக்கு. பெருந்துறைப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரில அவளுக்குக் கிளாஸு. எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க, நான் சொன்னது நாளைக்கே அவ காதுக்குப் போயிரும். என்ன பாடம் எடுக்கறான்னு கேளுங்க. மூளையும் சட்டமும்.

சிரிங்க, சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சேன்.

என் பேரு திருமலைசாமி. கிரிமினல் சைடுல முப்பது வருஷம். கோபி கோர்ட்டுல போயி யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. எங்க வீட்டம்மா பேரு கோகிலவாணி. அவளும் வக்கீல்தான். வீட்டு முன்னால ஒரே போர்டு, ரெண்டு பேரு. மேல என் பேரு, கீழ அவ பேரு. அவ எழுதுவா, நான் பேசுவேன். இருவத்தாறு வருஷமா இப்படித்தான் போயிட்டு இருந்துச்சு. ஒரு சண்டை கிடையாது, ஒரு மனத்தாங்கல் கிடையாது. அவளுக்கு இருந்திருந்தா சொல்லியிருப்பாளே? ஒரு நாளும் சொன்னதில்ல.

போன வருஷம் ஜூன் மாசம் பெங்களூர்ல பத்து நாள் பயிற்சின்னு ஒரு கடுதாசி வந்துச்சு. மூளை டாக்டருங்க வக்கீலுக்கும் ஜட்ஜுக்கும் பாடம் எடுக்கறாங்களாம். ‘போயிட்டு வா புள்ள, நாலு எடம் பார்த்தமாதிரி இருக்கும்’னு நான்தானுங்க டிக்கெட் போட்டுக் குடுத்தேன். நானே போயி ரயிலேத்தி விட்டேன். என் கையாலயே பண்ணிக்கிட்டேன்.

திரும்பி வந்தவ அவ இல்லீங்க. கையில இத்தாத்தண்டி நோட்டு. சாப்பிடறப்ப மூளை, காப்பி குடிக்கறப்ப மூளை. பதினேழு வயசுப் பசங்களுக்கு மூளையோட முன்பக்கம் இன்னும் முழுசா வளர்ந்திருக்காதாம், அவங்களைப் பெரியவங்க கணக்குல வெச்சுத் தண்டிக்கறது சரியான்னு யோசிக்கணுமாம். கண்ணால பார்த்த சாட்சிங்கறது கல்லுல வெட்டினது இல்லியாம். நான் சொன்னேன், ‘ஏம்புள்ள, முப்பது வருஷமா நான் கூண்டுல ஏத்திக் கேட்டவங்க யாருக்கும் மூளையே இருந்ததில்ல, நீ எங்க போயி அதைத் தேடறே’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு நோட்டைத் திறந்து மறுபடியும் எழுத ஆரம்பிச்சுட்டா.

அப்பத்தான் அந்தத் தறிக்காரர் கேஸ் வந்துச்சு. என் கட்சிக்காரர், நல்லா மனசுல வெச்சுக்கங்க, என் கட்சிக்காரர். அறுவது வயசு வரைக்கும் ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுசன், ஒரு நாள் சம்பந்திக்காரர் மண்டையை உடைச்சுட்டார். நான் வழக்கம்போல ‘திடீர்க் கோபம், முன்விரோதம் இல்லை’ன்னு ஜாமீன் மனு போட்டு வெச்சிருந்தேன். இவ ராத்திரி கேஸ் கட்டைப் படிச்சிருக்கறா. காலைல அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட போன்ல, ‘ஆறு மாசமா ஆளே மாறிட்டாரா, பேச்சுல தடுமாறாரா, வாசம் தெரியலைங்கறாரா’ன்னு கேக்கறா. ஸ்கேன் எடுத்தா நெத்திக்குப் பின்னால எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அதை வெச்சு அவளே வாதாடினா. ஜெயிலுக்குப் போக வேண்டிய மனுசன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் ஆகி, இப்ப சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிக்கறாராம்.

நல்ல விஷயந்தானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த ஊட்டுப் பையன் இனிப்பு டப்பா வாங்கிட்டு வந்தான் பாருங்க. நான் வாசல்ல நிக்கறேன். என்னைத் தாண்டிப் போயி ‘மேடம் இருக்காங்களா’ங்கறான். எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. டப்பாவை அவ கையில குடுத்துட்டுக் கால்ல விழுந்தான். அவ எனக்கு ஒரு மைசூர்பாகு எடுத்து நீட்டினா. சர்க்கரைன்னு சொல்லி வேண்டாம்னுட்டேன். எனக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாதுங்க.

பொறாமையா? எனக்கா? நீங்களும் அதையே கேக்கறீங்களே. பெத்த பொண்ணு சென்னைல இருந்து போன் பண்ணி, ‘அப்பா, உங்களுக்குப் பொறாமை’ன்னு சொல்லுது. பொறாமை வேற, நியாயம் வேறைங்க. முப்பது வருஷம் தொண்டை கிழியப் பேசினவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இப்ப வீட்டு போனை எடுத்தா நான் என்ன சொல்றேன்? ‘மேடம் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, அஞ்சு மணிக்குக் கூப்பிடுங்க.’ ஒரு நாள் ஒரு மாஜிஸ்திரேட்டு கூப்பிட்டு, ‘அடையாள அணிவகுப்பு பத்தி மேடம் எழுதின குறிப்பு ஒரு பிரதி கிடைக்குமா’ங்கறார். ‘நீங்க யாரு பேசறது’ன்னு வேற கேக்கறார். நான் என்ன சொல்லணுங்கறீங்க? ‘வீட்டுல இருக்கறவர்’னு சொன்னேன்.

அப்பறம் அந்தக் கல்லூரிக்காரங்க விருப்பப் பாடமா வெச்சு இவளைக் கூப்பிட்டாங்க. நாப்பத்திரண்டு பேர் சேர்ந்திருக்கறாங்களாம். பசங்க எல்லாம் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் மூளை வாங்கிக் குடுத்தாங்க, துண்டு துண்டாக் கழட்டி மாட்டறமாதிரி. அதை எங்க வெச்சா தெரியுங்களா? ஆபீஸ் மேஜைல, நான் டீ டம்ளர் வைக்கற எடத்துல. நான் டீயை மடியில வெச்சுட்டுக் கட்சிக்காரங்ககிட்டப் பேசறேன். அதுல உள்ளாற கடல்குதிரை மாதிரி ஒரு துண்டு. ஞாபகத்தை எல்லாம் உண்டாக்கறது அதுதான்னு அவ வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவா. ஒரு நாள் அந்தத் துண்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடினா, கட்டிலுக்கு அடியில எல்லாம் கூட்டிப் பார்த்தா. எங்கிட்டக் கேட்டா. எனக்குத் தெரியாதுன்னேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? கார் டிக்கில ஸ்டெப்னிக்கு அடியில கிடக்குது.

சரிங்க, பொறாமைதான். சொல்லிட்டேன். வயிறு எரியுதுங்க. சோத்துல கை வெச்சா எறங்க மாட்டேங்குது. ஆனா அது இல்லீங்க இப்பப் பிரச்சனை, கருக்கல்தான் பிரச்சனை. நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, கருக்கல் கேஸ்? இல்லீங்களா? கோபில இருந்துகிட்டா?

இருவத்தி நாலு வருஷம் ஆச்சு. அந்தியூர்ப் பக்கம் ஒரு கொலை. சாயங்காலம், வாய்க்கா மேட்டுல நடந்தது. நம்ம எதிரி, அதாவது குத்தஞ்சாட்டப்பட்டவர், ஒரு சின்ன விவசாயி. ஈரோட்டுல செசன்ஸ் கோர்ட்டுல விசாரணை. இவ அப்ப என் ஜூனியரா பக்கத்துல உக்காந்திருந்தா. மொத்தக் கேஸும் மூணாவது சாட்சி மேலதான் நிக்குது. ஆடு மேய்க்கறவர், மாரண்ணன்னு பேரு. ‘அன்னிக்குக் கருக்கல்ல வாய்க்கா மேட்டுல இவரைப் பார்த்தேன்’னு கூண்டுல ஏறிச் சொல்றார். போலீஸ்காரங்க அதைச் சாயங்காலம் ஆறரை மணின்னு எழுதி வெச்சிருக்கறாங்க. ஆறரைக்கு அங்க நின்னாருன்னா கதை முடிஞ்சுது, ஆயுள்தான். அப்பக் கோர்ட்டுல ஒரு கேள்வி விழுந்துச்சு பாருங்க. ரெண்டே வார்த்தை. ‘எந்தக் கருக்கல்?’

மாரண்ணன் முழிச்சார். ‘கருக்கல்னா கருக்கல்தானுங்க, விடியக் கருக்கல்’ன்னார். அவங்க ஊர்ல கருக்கல்னா விடியறதுக்கு முன்னாடிங்க. சாயங்கால மசங்கலையும் கருக்கல்ங்கறவங்க இருக்கறாங்க. போலீஸ்காரர் அப்படி எடுத்துக்கிட்டார். மாரண்ணன் பார்த்தது விடிகாலைல, தண்ணி திருப்பப் போன மனுசனை. கொலை நடந்தது அதுக்குப் பன்னண்டு மணி நேரம் கழிச்சு. விடுதலை! அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல என்னைத் தோள்ல தூக்காத குறை. அதுக்கப்பறம்தான் நான் ‘கருக்கல் வக்கீல்’. அந்த ஒரு கேள்வி கட்டின வீடுங்க நாங்க இருக்கற வீடு.

அந்தக் கேள்வி எனக்கு எப்படித் தோணுச்சுன்னே தெரியலைங்க. நான் ஈரோட்டு டவுனுக்காரன், ஜவுளிக்கடை வீடு. எங்களுக்குக் காலைல ஆனா ‘வெடியால’, சாயங்காலம் ஆனா ‘பொழுதோட’. கருக்கல்ங்கற வார்த்தையே எனக்குக் கல்யாணத்துக்கு அப்பறம்தான் தெரியும். இவ அந்தியூர்ப் பக்கம் இல்லீங்களா, ‘கருக்கல்ல எந்திரிச்சுருவேன்’னு சொல்லுவா. ராத்திரியாடி எந்திரிக்கறேன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அப்படி இருந்தவனுக்கு அந்த நிமிஷத்துல பளிச்சுன்னு தோணுச்சு பாருங்க. அதுதாங்க திறமைங்கறது.

போன மாசம் அந்தக் கல்லூரி ஆண்டு விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராக் கூப்பிட்டாங்க. என் பேரைக் கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டிருப்பாங்க, பின்ன? நாப்பது நிமிஷம் பேசினேன், கருக்கல் கேஸை முழுசாச் சொன்னேன். மாரண்ணன் முழிச்சதை முழிச்சுக் காட்டினேன். கைதட்டல் அடங்கவே இல்ல. முன் வரிசைல இவளும் உக்காந்து தட்டினா. நான் பார்த்தேன், தட்டினா. கொஞ்சம் மெதுவாத் தட்டினா.

அதுக்கடுத்த வியாழக்கிழமை, அப்படி என்னத்தைத்தான் சொல்லிக் குடுக்கறான்னு பார்த்துருவோம்னு கிளாஸுக்கு நானும் போனேன். கடைசி பெஞ்சு. அன்னிக்கு ஞாபகம் பத்திப் பாடம். ஒரு ஞாபகத்தை எடுக்கற ஒவ்வொரு தடவையும் மூளை அதைப் பழையபடி வைக்கறது இல்ல, கொஞ்சம் மாத்தி எழுதித்தான் வைக்குதுன்னா. அடிக்கடி எடுத்துச் சொல்ற கதைதான் அதிகமா மாறியிருக்குங்கறா. அடுத்தவங்க செஞ்சதை நாம செஞ்சதாவே மூளை எழுதி வெச்சுக்குமாம். அதுல பொய் கிடையாதாம், சத்தியம் பண்ணிச் சொல்றவங்க உண்மையிலயே நம்பித்தான் சொல்றாங்களாம். அதனாலதான் சாட்சியை வக்கீலும் ஜட்ஜும் ஜாக்கிரதையாக் கேக்கணும்னா. நல்லாத்தானுங்க சொல்றா. அவ அப்படிப் பேசுவான்னு எனக்கே தெரியாது.

அப்பறம் ஒரு உதாரணம். ‘எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல். நல்ல மனுசன். தன் ஜூனியர் கோர்ட்டுல கேட்ட ஒரு கேள்வியைத் தானே கேட்டதா இருவது வருஷத்துக்கு மேல சொல்லிட்டு இருக்கறாரு. அவர் பொய் சொல்றதில்ல’ன்னா.

பேர் சொல்லலை, ஊர் சொல்லலை. எனக்கே ஒண்ணும் ஒறைக்கலைங்க. எவண்டா அந்தக் கேனையன்னு சிரிச்சுட்டே நிமிர்ந்தா, நாப்பத்திரண்டு தலையும் திரும்பி என்னைப் பார்க்குது.

மூஞ்சியைக் கொண்டுபோயி எங்க வெக்கறது?

கார்ல வர்றப்ப புடிச்சேன் சண்டையை. ‘நீ பொய் சொல்றே. பசங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டே’ன்னேன். அவ சத்தமே போடலை. ‘அவங்க கண்டுபுடிப்பாங்கன்னு நான் நினைக்கலைங்க, அது என் தப்பு. மன்னிச்சுருங்க’ன்னா. ‘அப்ப அந்தக் கேள்வி?’ன்னேன். ‘அது நான் கேட்டதுங்க’ன்னா. ‘இத்தனை வருஷம் ஏண்டி சொல்லலை?’ன்னேன். ‘மொத தடவை நீங்க சொன்னப்ப எங்க அப்பா அம்மா இருந்தாங்க. உங்க மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். விட்டுட்டேன். அதுக்கப்பறம் சொல்றதுக்கு எடமே இல்லாமப் போயிருச்சு’ன்னா.

அதோட விட்டிருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேனுங்க. கடைசில ஒண்ணு சொன்னா பாருங்க. ‘உங்களுக்கு அப்படி ஞாபகம், எனக்கு இப்படி ஞாபகம். என்னோடதும் தப்பா இருக்கலாம்.’ எப்படிப் பேச்சு? சண்டைல கூட நியாயமாப் பேசறவளை என்னங்க பண்றது?

மறுநாளே நகல் மனு போட்டேன். கொலைக் கேஸ் கட்டுங்கறதால அழிக்காம ரெக்கார்டு ரூம்ல இருந்துச்சு. மூணாவது சாட்சியோட வாக்குமூலம், சீல் வெச்ச நகல். கோர்ட்டுக் காகிதத்துக்கு மூளை கிடையாதுல்லங்க, அது மாத்தி எழுதாதுல்ல? அதை அவ மூளை பொம்மைக்குப் பக்கத்துல விரிச்சு வெச்சு, ‘படி’ன்னு சொல்லணும். அந்த ஒரு வார்த்தைக்காக மூணு வாரம் அலைஞ்சேன். இன்னிக்கு மத்தியானம்தான் கையில குடுத்தாங்க. கோர்ட்டு டீக்கடைலயே நின்னு படிச்சுட்டேன்.

இருங்க, இதாப் பாருங்க. சாதாரணமா வாக்குமூலத்துல சாட்சி சொல்றதை மட்டும்தான் டைப் அடிப்பாங்க. வக்கீல் கேட்ட கேள்வி வராது. எனக்கு இது தெரியாதாங்க? முப்பது வருஷமாத் தெரியும். ஆத்திரத்துல மறந்துட்டேன். ஆனா ஜட்ஜே ஒரு கேள்வி கேட்டார்னா மட்டும், கேள்வி, பதில்னு தனியா எழுதுவாங்க. இந்த வரியை நீங்களே படிங்க. கண்ணாடி வேணுங்களா? நானே படிக்கறேன்.

‘நீதிமன்றக் கேள்வி: எந்தக் கருக்கல்? பதில்: விடியக் கருக்கல்.’

நான் இல்லீங்க. அவளும் இல்லீங்க. ஜட்ஜு கேட்டிருக்கறார்! அந்த மனுசன் மேடைல உக்காந்து ஏலக்காய் மென்னுட்டு இருந்ததுதான் எனக்கு ஞாபகம், வாயைத் திறந்ததா ஞாபகமே இல்ல. இப்ப உசிரோட இல்ல, போயிட்டார். இருவத்தி நாலு வருஷமா அவரோட கேள்வியை நான் தின்னுட்டு இருக்கறேன்.

மொதல்ல எனக்குச் சந்தோஷம்தானுங்க. அப்பாடா, அவளும் இல்ல! டீ இன்னொண்ணு வாங்கிக் குடிச்சேன். பாதி டம்ளர்ல ஒறைச்சுது. இதைக் காட்டினா அவ என்ன பண்ணுவா? அழுவாளா? சிரிப்பா. ‘பார்த்தீங்களா, ரெண்டு பேரோட ஞாபகமும் தப்பு’ன்னு கையைத் தட்டிச் சிரிப்பா. அடுத்த வியாழக்கிழமை இதை நகலெடுத்து நாப்பத்திரண்டு பேருக்கும் குடுப்பா. அவ பாடத்துக்கு இதைவிட ஒரு ஆதாரம் கிடைக்குமா? தோத்தும் அவதானுங்க ஜெயிக்கறா. நான் காசு கட்டி, அலைஞ்சு, அவளுக்குப் பாடப் புத்தகம் வாங்கிட்டு வந்திருக்கறேன்.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. அவதான்.

சொல்லு. ஆமா, பஸ்லதான். கவுந்தப்பாடி தாண்டிட்டோம். ம், கிடைச்சுது. பார்த்தேன், பார்த்தேன். யாரு கேட்டதா? அது... நீதான். காது கேக்கலையா, நீதான் புள்ள. நீதான் கேட்டிருக்கறே. ஆமா, எழுதியிருக்குது. ஹலோ? வாணி? இருக்கறியா? ஏன் பேச மாட்டேங்கறே? ம். ம். அப்படியா? ஆமா. ஆமா புள்ள, பார்த்தேன். எனக்கும் ஞாபகம் இருக்குது. சரி, வண்டியைப் பார்த்து ஓட்டிட்டுப் போ. வெச்சரட்டுமா?

அப்படிப் பார்க்காதீங்க. நல்ல மனசுல சொல்லலைங்க. சத்தியமா வயித்தெரிச்சல்லதான் சொன்னேன். அவ தலைக்குள்ள தப்பு ஒண்ணு கிடக்கட்டும், ஊருக்கெல்லாம் ஞாபகத்தைப் பத்திப் பாடம் எடுக்கறவ காலத்துக்கும் அதை நம்பிட்டே திரியட்டும், அது எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் சொன்னேன். அவ சிரிப்பான்னு நினைச்சேன். ‘நான் சொன்னேன்ல’ன்னு குத்திக் காட்டுவான்னு நினைச்சேன்.

அவ அழுகறா.

‘நான் எந்திரிச்சப்பக் கவுனு நாற்காலி ஆணில மாட்டிக்கிச்சு, இழுத்ததுல கிழிஞ்சு போச்சு, நீங்க திரும்பி என்னைப் பார்த்தீங்க, அதுகூட உங்களுக்கு ஞாபகம் இல்லியேன்னுதான் இத்தனை வருஷமும் எனக்கு வருத்தம்’னு சொல்றா. கேள்வி போனதுக்கு இல்லியாம், நான் பார்த்ததை மறந்ததுக்கு. நான் என்ன சொல்லட்டும்? பார்த்தேன்னு சொல்லிட்டேன்.

அந்தக் கவுனு கிழிஞ்சது நிஜந்தானுங்க. தோள்கிட்ட இவ்வளவு நீளத்துக்குக் கிழிஞ்சு, கறுப்பு நூல் தீந்து போயி ஊதா நூல்ல தெச்சுப் போட்டிருந்தா. இப்பத்தான் எனக்கு வருது. நாற்காலி சத்தம் கேக்குது. அவ எந்திரிக்கறா. ஒல்லியா இருப்பா அப்ப. நான் திரும்பிப் பார்க்கறேன். மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது. ஆமாங்க, அவதான் எந்திரிச்சா. இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்தா என்ன, டைப் அடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான். கண்ணு முன்னால தெரியுதுங்க எனக்கு, அவதான்.

ஆனா ஒண்ணு. அவ எந்திரிக்கறதுக்கு முன்னால, அவ பக்கமாக் குனிஞ்சு, காதுகிட்ட, ‘எந்தக் கருக்கல்னு கேளு புள்ள’ன்னு சொன்னது யாருன்னு நினைக்கறீங்க?

நான்தானுங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.